முருகனுக்கு ஒரு இத்தாலி சைக்கிள்

கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆச்சு. எங்க வீட்டுல எனக்குன்னு ஒரு பொருள் கிடையாதுங்க. அலமாரியில எனக்கு ஒதுக்கின தட்டுல அவ சேலை. என் மோட்டோ சாவி அவ ஹேண்ட்பேக்ல. டிவி ரிமோட் அவ தலையணைக்கு அடியில. சிம்பாங் பூலாய் கல் குவாரியில நான் ஸ்டோர் கீப்பர். அங்க ஒரு நட்டு காணோம்னாலும் தர்மேந்திரனைத்தான் கூப்பிடுவாங்க. அதே தர்மேந்திரன் வீட்டுக்கு வந்தா, தன் பனியன் எங்க இருக்குன்னு கலாதேவியைக் கேக்கணும்.

போன வருஷம் அம்பத்தஞ்சாவது பிறந்த நாள் அன்னிக்குச் சபதம் எடுத்தேன். சாகறதுக்குள்ள எனக்கே எனக்குன்னு ஒரு பொருள் வாங்கணும். அதுல கலா கை படக்கூடாது.

அதே வாரம் டாக்டரு வேற சுகர் ஏறிப்போச்சு, தினம் நடங்கன்னு சொல்லிட்டாரு.

"நாளையிலேருந்து காலையில ஆறு மணிக்கு எந்திரிச்சு நடக்கிறீங்க"ன்னா கலா.

"குவாரியில நாள் பூரா நடந்துக்கிட்டுதான் இருக்கேன் லா."

"ஸ்டோருக்கும் கேன்டீனுக்கும் நடக்கிறது ஒரு நடையா?"

நடக்கவே மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னேன்.

ரெண்டு நாள் கழிச்சு குவாரி தண்ணி பம்புக்கு ஸ்பேர் தேடி சுங்கை சிப்புட்டுக்குப் போனேன். அங்க உடையப்பனோட பழைய இரும்புக் கடை. செத்துப் போன ஃப்ரிஜ்ஜு நாலுக்குப் பின்னால, சுவத்துல தொங்கிக்கிட்டு இருந்துச்சுங்க அது. ரேஸ் சைக்கிள். ஹேண்டில் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைஞ்சிருந்துச்சு. குழாயெல்லாம் சுண்டுவிரல் மாதிரி மெலிசு.

"இத்தாலி சாமான்ணே. அசல் ஸ்டீல்"னான் உடையப்பன்.

"துருப்பிடிச்சிருக்கே தம்பி?"

"துரு மேலதான்ணே. தேய்ச்சா பளபளன்னு வந்துரும்."

ஏறி உக்காந்தேன். ரெண்டு காலும் அந்தரத்துல ஆடுச்சு. நான் அஞ்சடி மூணு அங்குலம். அந்த சைக்கிள் யாரோ பனைமரத்துக்குச் செஞ்சது.

"சீட்டை இறக்கிக்கலாம்ணே. ஒரு போல்ட்டுதான்."

அந்த ஒரு போல்ட்டை நம்பி வாங்கிட்டேன்.

வீட்டுப் பின்பக்கக் கொட்டாய்ல, கெட்டுப்போன வாஷிங் மெஷினுக்குப் பின்னால கான்வாஸ் போட்டு மூடி வெச்சேன். ஞாயித்துக்கிழமையானா கலா காய்கறி வாங்க பாசாருக்குப் போவா. அந்த ரெண்டு மணி நேரம் நான் ராஜா. ஃபோன்ல வீடியோவைப் பார்த்துக்கிட்டே வேலை செய்வேன். பக்கத்து வீட்டு பஞ்சலிங்கம் அண்ணன், யாழ்ப்பாணத்துக்காரரு, ரயில்வேயில இருந்து ரிட்டயர் ஆனவரு, வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்ப்பாரு. ஸ்பானர் கேட்டா குடுப்பாரு. வாயைத் திறக்க மாட்டாரு.

மொதல்ல பெடல் அச்சைக் கழட்டணும். நம்ம ஊரு சைக்கிள்ல வலது பக்கத்தை மட்டும் தலைகீழாத் திருகணும். குவாரிக்காரனுக்கு இது கூடவா தெரியாது? திருகினேன். மூணு ஞாயித்துக்கிழமை திருகினேன். தோள்பட்டை கழண்டுச்சு, அச்சு கழலல.

மூணாவது வாரம் பஞ்சலிங்கம் அண்ணன் வாயைத் திறந்தாரு.

"தம்பி, இத்தாலிக்காரன் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் மரை போடுவான். நீர் கழட்டேல்லை, இறுக்கிக்கொண்டு இருக்கிறீர்."

"இதை மொத வாரமே சொல்லக்கூடாதாண்ணே?"

"நீர் கேக்கேல்லையே."

அச்சு ஒருவழியா வந்துச்சு. சீட்டுக் குழாய்தான் வரவே இல்ல. துருவேறி சட்டத்தோட ஒட்டிப்போச்சு. சுத்தியால தட்டினேன். சுடுதண்ணி ஊத்தினேன். சாமி விளக்குக்கு வெச்சிருந்த நல்லெண்ணெய எடுத்து வாராவாரம் உள்ள விட்டேன். அசைஞ்சு குடுக்கல. மத்தபடி, குத்துவிளக்கு தேய்க்கிற புளியப் போட்டுத் தேய்ச்சதுல இரும்பெல்லாம் கண்ணாடியா மின்னுச்சு. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. என் பொருள்!

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கலாகிட்ட மாட்டிக்கிட்டேன். கலா விளக்கேத்தப் போயிருக்கா. எண்ணெய் இல்ல. ரசம் வைக்கலாம்னு போனா புளி இல்ல. தரையில சொட்டியிருந்த எண்ணெய்த் தடத்தைப் பிடிச்சுக்கிட்டே நேரா கொட்டாய்க்கு வந்துட்டா. நான் கையில துணியோட நிக்கிறேன்.

"என்னங்க இது?"

"சைக்கிள்."

"அது தெரியுது லா. யாருது?"

என்னுதுன்னு சொல்லியிருக்கலாம். சொல்லணும்னுதான் வாயைத் திறந்தேன். கலா இடுப்புல கை வெச்சா. என் வாய் தானா வேற சொல்லிருச்சு.

"முருகனுது."

"முருகனுக்குத்தான் மயில் இருக்கே?"

"நம்ம ஷர்மினிக்கு வேலை கிடைச்சா ஒரு சைக்கிள் காணிக்கையா குடுத்துடறேன்னு வேண்டிக்கிட்டேன் கலா. பினாங்குல கிடைச்சிருச்சுல்ல? அதான்."

அலமாக்! கலா கண்ணு கலங்கிருச்சுங்க. "மகளுக்காகவா? நீங்களா?"ன்னு கேட்டுட்டு உள்ள போனா. வரும்போது கையில ஒரு புது பாட்டில் நல்லெண்ணெய்.

"நல்லா செய்ங்க. சாமி காரியம். முடியற வரைக்கும் கவிச்சி கிடையாது, பீரு கிடையாது, தரையிலதான் படுக்கணும்."

"எப்போ வரைக்கும்?"

"திருவிழா வரைக்கும்."

ரெண்டு மாசம் இருந்துச்சு. அறுபது நாள் கீரையும் மோரும் தின்னு, சிமெண்டுத் தரையில பாய் போட்டுப் படுத்து, ஒரு சைக்கிளுக்கு உயிர் குடுத்தேன். நீலப் பெயிண்ட் அடிச்சேன். புது டயர், புது செயின் போட்டேன். ஒரே ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கலாம்னு காலைத் தூக்கினா, அடுப்படியிலேருந்து சத்தம் வரும்.

"ஏங்க! சாமிக்குச் சேர வேண்டியதுல காலைப் போடறீங்களே, பாவம் புடிக்காது?"

அழுகையா வந்துச்சு. அப்பத்தான் ஒரு யோசனை தோணுச்சு. எங்க வீடுங்க இருக்கிற இந்தத் தாமான் முருகன் கோயில்ல, திருவிழா கடைசி நாள் காணிக்கையெல்லாம் ஏலம் விடுவாங்க. சேலை, பழத்தட்டு, கரும்பு, எது வந்தாலும் ஏலம்தான். நானே ஏலத்துல எடுத்துட்டா? சாமிக்குக் குடுத்த மாதிரியும் ஆச்சு, எனக்குக் கிடைச்ச மாதிரியும் ஆச்சு. என் மூளைக்கு நானே கை குடுத்துக்கிட்டேன்.

கடைசி நாள் வந்துச்சு. சைக்கிளுக்குச் சந்தனம், குங்குமம், கழுத்துல மாலை. என் கல்யாணத்துல எனக்குக் கூட அவ்வளவு பெரிய மாலை போடல. செயலாளர் தனேஸ்வரன் மைக்கைப் பிடிச்சு ஏலத்தை ஆரம்பிச்சாரு. நான் மொத ஆளா கையத் தூக்கினேன்.

"தர்மா அண்ணே, கைய இறக்குங்க. நேர்ந்தவங்க ஏலம் கேக்கக்கூடாது. கோயில் வழக்கம்"னு மைக்லயே சொல்லிட்டாரு.

கோயிலே சிரிச்சுச்சு. எனக்கு உசுரே போயிருச்சு. பக்கத்துல உக்காந்திருந்த பஞ்சலிங்கம் அண்ணன் தொடையக் கிள்ளினேன்.

"அண்ணே, எனக்காக நீங்க கேளுங்கண்ணே. உங்க காலைப் பிடிக்கிறேன்."

அண்ணன் கேட்டாரு. கூட்டத்து இரைச்சல்ல, பொம்பளைங்க பக்கத்துலேருந்து ஒரு குரல் அதுக்கு மேல ஏலம் கேட்டுச்சு. அண்ணன் இன்னும் ஏத்தினாரு. குரலும் ஏறுச்சு. அண்ணன் எட்டிப் பார்த்தாரு. கையை மடியில வெச்சுக்கிட்டாரு.

"ஏண்ணே நிறுத்திட்டீங்க?"

"உம்மட மனுசி தம்பி."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சுங்க. கலா! என் மனசைப் படிச்சுட்டா! எனக்காக ஏலம் கேக்குறா! இருபத்தாறு வருஷமா இவளைத் தப்பா நெனச்சுட்டேனேன்னு கோயில்லயே கண்ணைத் தொடைச்சுக்கிட்டேன். வீட்டுக்கு அந்த சைக்கிளை நான்தான் தள்ளிக்கிட்டு வந்தேன். வாசல்ல நிறுத்திட்டுக் கேட்டேன்.

"எனக்காகவா கலா?"

"உங்களுக்கா? நல்லாருக்கே! நேர்ந்து குடுத்தவங்க அதைத் திரும்ப எடுத்துக்கிட்டா தெய்வக்குத்தம் லா."

"அப்போ யாருக்கு?"

"ஏலத்துல எடுத்தது யாரு? நான்தானே? முருகன் எனக்குக் குடுத்தது."

"உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"எஸ்டேட்லேருந்து பள்ளிக்கூடத்துக்கு நாலு மைலு. ஆறு வருஷம் எங்கப்பா சைக்கிள்ல போனவ நான். இருபத்தாறு வருஷத்துல நீங்க ஒரு நாளாச்சும் கேட்டீங்களா?"

அவ தொடர்ந்தா.

"கொட்டாய்ல என்ன நடக்குதுன்னு எனக்கு மொத வாரமே தெரியும். புளிய எடுத்து எதையாவது தேய்க்கிற ஆளா நீங்க?"

"அப்பவே ஏன் கேக்கல?"

"அப்போ கேட்டிருந்தா துருப்பிடிச்ச சைக்கிள்தானே கிடைச்சிருக்கும்?"

சொல்லிட்டு ஏறி உக்காந்தா. கலா அஞ்சடி ஏழு அங்குலம். நான் ரெண்டு பாட்டில் எண்ணெய் ஊத்தியும் இறங்காத அந்த சீட்டு, அவளுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருந்துச்சு. மாலையைக் கழட்டி என் கையில குடுத்துட்டு, தாமான ஒரு சுத்து சுத்திட்டு வந்தா. பஞ்சலிங்கம் அண்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கை தட்டினாரு.

இப்போ தினம் காலையில ஆறு மணிக்கு ஈப்போ போலோ திடலுக்குப் போறோம். கலா டிராக் சூட் போட்டுக்கிட்டு சைக்கிள்ல முன்னால போவா. நான் பின்னால நடப்பேன். ஓட்டமும் நடையுமா. நான் ஒரு சுத்து முடிக்கிறதுக்குள்ள அவ என்னை நாலு தடவை தாண்டிப் போவா. ஒவ்வொரு தடவையும் மணி அடிப்பா. என் சுகர் இறங்கிப்போச்சுன்னு டாக்டரு கலாவுக்குக் கை குடுத்தாரு.

நேத்து மட்டும் பொறுக்க முடியாம, மூச்சு வாங்க அவளை நிறுத்திக் கேட்டுட்டேன்.

"ஏன் கலா, இந்த வீட்டுல எனக்குன்னு ஒரே ஒரு பொருள் இருக்கக்கூடாதா?"

பாவம், மனசு இளகிட்டா. கோயிலுக்குக் குடுக்க மறந்துபோன காத்தடிக்கிற பம்பை சைக்கிள்லேருந்து கழட்டி என் கையில வெச்சா.

"இது உங்களுக்கே உங்களுக்கு. தூக்கிக்கிட்டுப் பின்னாலயே வாங்க, பின் டயர்ல காத்து கம்மியா இருக்கு."