பட்டத்தாரைக் காலியாக்கிய ஒரு பைட்

வாழ்க பட்டத்தார்! பிறர் நிரலில் பிழை காண்பதில் கழுகுக்கண்ணர், தம் நிரலென்றால் கண்மூடி யோகியர். அட்டை வாசிக்கும் கருவிக்கும் கணினிக்கும் இடையே தூதோடும் டிரைவர் என்னும் மென்பொருளைப் பெற்றெடுத்த பெருமான். அலுவலகம் முதுகுக்குப் பின்னால் வைத்த கேலிப்பெயரையே கீர்த்தியெனச் சூடிய வெள்ளைமனத்தர் வாழ்க!

அன்று காலை பத்து மணிக்கு அந்த டிரைவரை வாடிக்கையாளர் முன்னே அரங்கேற்றியாக வேண்டும். தவறினால் குழுத்தலைமை எதிர்மேசைக்காரருக்குப் போய்விடும். பத்து நிமிடம் மீதியிருக்கையில், கோட்டைக்கதவை முட்டும் களிறென வந்து, அதே டிரைவர் ஓடும் வாசற்கருவியில் தம் அட்டையை அறைந்தார் வீரர். சிவப்பு விளக்கு எரிந்தது. "அட்டை காலி" என்றது திரை.

துடைத்தார், ஊதினார், சட்டையில் தேய்த்தார், பதினேழு முறை படையெடுத்தார். பதினேழு முறையும் காலி.

"கருவி செத்துப் போச்சு! வித்தவனைக் கூப்பிடு!" என்று இடியென முழங்கினார். அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த காவலாளியோ சுவரைக் காட்டினார். அட்டையின்றி எவரையும் விடலாகாது என்னும் ஆணை, பட்டத்தாரின் கையெழுத்தோடு அங்கே ஒட்டியிருந்தது.

சோதனைப் பிரிவு அம்மையார் வெளியே வந்து, வரவேற்பு மேசைக் கணினியில் அட்டையைப் பார்த்தார். 'முதுபெரும் தலைமை டிரைவர் வல்லுநர்' என்று நேற்று மாலைதான் புதுப்பட்டம் ஏற்றியிருந்தார் நம் நாயகர். தமிழெழுத்து ஒவ்வொன்றும் அட்டையில் மூன்று பைட் இடத்தை விழுங்கும். புள்ளியோ கொம்போ வைத்தால் ஆறு. ஆக அட்டையின் விவரமெல்லாம் சேர்ந்து இருநூற்றைம்பத்தாறு பைட். அவர் பெற்ற டிரைவர் பிள்ளைக்கோ இருநூற்றைம்பத்தைந்துக்கு மேல் எண்ணத் தெரியாது. ஒன்று கூடினால் மறுபடி பூஜ்யத்தில் போய் நிற்கும். அத்தனை பெருமையும் திரண்டு வந்தபோது, உள்ளே ஒன்றுமில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டது.

"விவரம் பெரிசா இருந்தா துண்டு துண்டா படிக்கணும்னு அப்பவே சொன்னேன் சார். எவனுக்கு அவ்வளவு விவரம் இருக்கப்போகுதுன்னு நீங்கதான் சிரிச்சீங்க. இப்ப பட்டத்தைக் குறைச்சாத்தான் உள்ள போக முடியும்."

"உயிரை வேணா எடுத்துக்கோ! பட்டத்துல ஒரு எழுத்தைத் தொடாதே!"

மணி ஒன்பது ஐம்பத்தெட்டு. மடிக்கணினியை அணைத்தபடி எதிர்மேசைக்காரர் கூட்ட அறைக்குள் நுழைவது கண்ணாடிவழியே தெரிந்தது. மலையென நின்ற மானம் மெழுகாய் உருகியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையசைத்தார். ஓரெழுத்து போதுமென்றாலும் அம்மையார் முன்னிரண்டு சொல்லையும் பின்னொரு சொல்லையும் வெட்டியெறிந்தார்.

பச்சை விளக்கு ஒளிர்ந்தது! கதவம் பிளந்தது! மார்பு விம்ம, பகைவர் நடுங்க, வலக்காலை உள்ளே எடுத்துவைத்தார் வெற்றித்திருமகன். காவலாளி திரையில் தோன்றிய பதவியை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"டிரைவருங்க எல்லாம் பின்வாசல் வழியாத்தான் போகணும்" என்றார்.