கேள்வித்தாளும் என் அண்ணனும்

பட்டாபிராமுக்கும் சென்ட்ரலுக்கும் நடுவே அவனுடைய கேள்விகளுக்குத் தப்பியவை ரயில்வே கம்பங்கள் மட்டும்தான். அதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. எண்பதுகளின் கடைசியில் என்னோடு எம்.ஏ. உளவியல் படித்தவன். அவன் பட்டாபிராமில் ஏறுவான், நான் அம்பத்தூரில். சென்ட்ரலில் இறங்குவதற்குள் பெட்டியில் நாலு பேரையாவது விசாரித்து முடித்திருப்பான். கக்கத்தில் எப்போதும் கேள்விகள் அடித்த ஒரு கத்தை சைக்ளோஸ்டைல் தாள்கள். அதனால் அவன் பெயர் கேள்வித்தாள்.

உளவியல் படிக்கிறோம் என்றால் அந்தக் காலத்தில் பெண் கொடுக்க மாட்டார்கள். ஜோசியம் மட்டும் கேட்பார்கள். எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "நைனா, என் மன்சுல இப்ப இன்னா கீது, சொல்லு பாப்போம்" என்பார். நான் நழுவிவிடுவேன். கேள்வித்தாள் ஒருநாள் அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "தெரிலண்ணே, நீங்களே சொல்லுங்க" என்றான். ஒரு மணி நேரம் சொன்னார். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் தாங்களே ஒட்டிக்கொண்டு போனார்கள்.

சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போன இடத்திலும் சும்மா இருக்கவில்லை. "ஃபாதர், ஊர்ப் பாவமெல்லாம் நீங்க கேக்குறீங்க. உங்க கஷ்டத்த யார்கிட்ட சொல்லுவீங்க?" என்று கேட்டிருக்கிறான். அவன் வெளியே வர ஆன நேரத்தைப் பார்த்து, வரிசையில் நின்றவர்கள் கொலை கிலை செய்துவிட்டானோ என்று பயந்துபோனார்கள். ஃபாதர் என்னதான் சொன்னார் என்று அவனை எத்தனையோ தடவை குடைந்திருக்கிறேன். "அது அவரோடது மச்சான்" என்பதோடு சரி.

ஊராரிடம் கேட்டு வரச் சொல்லிக் கல்லூரியில் கொடுத்த கேள்விகள் வெள்ளைக்காரர்களுக்காகத் தயாரானவை. 'நடன விருந்துகளில் கூச்சப்படுவீர்களா?' என்று கேட்கும். ஆவடியில் யாரிடம் போய் இதைக் கேட்பது? நாங்கள் வீட்டில் உட்கார்ந்து நாங்களே 'ஆம்', 'இல்லை' என்று நிரப்பினோம். அவன் அந்த வரியை அடித்துவிட்டு, 'கல்யாணப் பந்தியில் இன்னொரு அப்பளம் கேட்கக் கூச்சப்படுவீர்களா?' என்று எழுதி, வெயிலில் அலைந்து நாற்பது பேரிடம் கேட்டு வந்தான்.

"விஞ்ஞானத்துல அப்பளம் எங்கய்யா வந்துது?" என்று பேராசிரியர் தாள்களைத் தூக்கி எறிந்தார். எங்களுக்கு நல்ல மதிப்பெண். அவனுக்குப் பூஜ்யம்.

அந்த வருஷம்தான் என் அண்ணன் தொழிற்பேட்டை வேலைக்குப் போவதை நிறுத்தினான். லேத் மிஷின் தன்னைப் பெயர் சொல்லித் திட்டுகிறது என்றான். பிறகு அதையும் சொல்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். அம்மா மந்திரித்த கயிறு கட்டினாள். அப்பா திட்டினார். எங்கள் பாடப்புத்தகத்தில் அந்த நோய்க்கு ஒரு முழு அத்தியாயம் இருந்தது. நான் அடிக்கோடிட்டுப் படித்திருந்தேன். வீட்டில் வாயைத் திறக்கவில்லை. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நோட்டு வாங்க வந்த கேள்வித்தாள் அண்ணனைப் பார்த்தான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அம்பத்தூரில் இறங்கினான். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்து வைப்பான். ஊரையே குடைந்தவன் அவனிடம் மட்டும் எதுவும் கேட்கவில்லை. பத்தாம் நாள் அண்ணன் ஒரு கடலையை எடுத்துத் தின்றான். அடுத்த வாரம், "இன்னிக்கு ரயிலு லேட்டா?" என்று கேட்டான். எங்களிடம் அவன் பேசி இரண்டு மாதமாகியிருந்தது.

"மச்சான், ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போலாம்டா. மாத்திரைக்குக் கேக்கும். நானும் கூட வரேன்" என்றான் கேள்வித்தாள்.

"தங்கச்சிய பொண்ணு பாக்க வர்ற நேரம்டா. வெளிய தெரிஞ்சா அவ்ளோதான். நீ இனிமே ஊட்டுக்கு வராத" என்றேன்.

"சரி" என்றான்.

நான் அதோடு நிற்கவில்லை. பரீட்சைக்கு ஒரு கேஸ் ஸ்டடி எழுதித் தர வேண்டும். அண்ணனின் பெயரை மட்டும் மாற்றி, அவன் சொன்னது, சொல்லாமல் அழுதது எல்லாவற்றையும் அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். வகுப்பில் நான்தான் முதல். பேராசிரியர் உரக்கப் படித்துக் காட்டினார். பின்வரிசையில் கேள்வித்தாள் தலையைக் குனிந்துகொண்டான். என் அண்ணனைப் பற்றி என்னைவிட அவனுக்குத்தான் அதிகம் தெரியும். அவன் ஒரு வரி எழுதவில்லை. வெறும் நோட்டைக் கொடுத்து ஃபெயிலானான்.

இரண்டு வாரத்தில் அண்ணன் காணாமல் போனான். தினமும் எதிர்பார்த்த கேள்வித்தாள் வராததால், அவனைத் தேடித் தண்டவாளத்தை ஒட்டியே பட்டாபிராம் வரை நடந்திருக்கிறான். கேள்வித்தாள்தான் அவனைப் பார்த்து, சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து, அம்பத்தூர் வரை மிதித்துக் கொண்டுவந்து சேர்த்தான்.

வாசலிலேயே அப்பா பிடித்துக்கொண்டார். "பைத்தியத்தப் பத்திப் படிக்கிறேன்னு வந்து என் புள்ளையப் பைத்தியமாக்கிட்டியேடா!"

தெருவே கூடிவிட்டது. அப்படி இல்லை என்று சொல்ல அந்த வீட்டில் ஓர் உளவியல் மாணவன் இருந்தான். அவன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

கேள்வித்தாள் குனிந்து அண்ணனின் காலைப் பார்த்தான். "அண்ணாத்தே, கால்ல ரத்தம் வருது. மருந்து போட்டுக்க" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினான். கல்லூரிக்கும் அதன்பின் வரவில்லை.

தங்கை கல்யாணம் முடிந்து, ஒரு வருஷம் கழித்துத்தான் அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். "முன்னாடியே வந்திருந்தா இன்னும் நல்லா தேறியிருப்பாரு" என்றார் டாக்டர். மிஷின் திட்டுவது நின்றது. அண்ணன் வேலைக்குப் போவதும் அதோடு நின்றது. நான் என் மதிப்பெண்ணைக் காட்டி, ஒரு கம்பெனியில் ஆட்களின் மனசறிந்து வேலைக்கு எடுக்கும் அதிகாரியானேன். சிரிக்க விரும்புகிறவர்கள் இங்கே சிரிக்கலாம்.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு பட்டாபிராம் போய் விசாரித்தபோது, அந்தக் குடும்பம் ஊரைவிட்டே போயிருந்தது. போன வாரம் சாப்பிடும்போது அண்ணன் திடீரென்று, "உன் ஃப்ரெண்டு எங்கடா கீறான்?" என்றான். எனக்குத் தெரியவில்லை. இதைக் கேள்வித்தாள் எங்காவது படித்தால் ஒரு கார்டு போடட்டும். அண்ணன் அவனைப் பார்க்க ஆசைப்படுகிறான். நானும்தான்.