இரும்பு ஆகாத வைரப்பிள்ளை

நெடுந்தீவில் ஆம்பிளைகளைப் பார்த்து "பெல்ட்டைக் கழட்டிப்போட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு, ஒருவரிடமும் ஏச்சு வாங்காமல் உலாவிய ஒரே பெண் வைரப்பிள்ளைதான். பங்குச் சுவாமியிடமே சொல்லியிருக்கிறாள். அவரும் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

நான் அப்போது மாற்றலாகி வந்து, அங்கே ஒரு அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சூசை அண்ணை என்ற கடற்றொழிலாளி வீட்டின் பின்னறையில் எனக்குக் குடியிருப்பு. முன்னறைக்கு ஒருநாள் இரண்டு பெரிய பெட்டிகளோடு அவள் வந்து இறங்கினாள். பூர்வீகம் பக்கத்துத் தீவில் கரம்பொன், படிப்பு வெளிநாட்டில், இப்போது கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி.

"என்னத்தை ஆராயப் போறீர் பிள்ளை?" என்று கேட்டார் சூசை அண்ணை.

"மூலக்கூறு இருக்கெல்லோ அண்ணை, அதுக்குள்ள இலத்திரன் ஒரு குட்டிக் காந்தம் மாதிரி. அது எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்குது, எப்ப மற்றப் பக்கம் திரும்புது எண்டு பாக்கிறது."

"பாத்து?"

"பாத்து எழுதுறது."

சூசை அண்ணை, "மீன் திரும்புறதைப் பாத்தாலும் கறிக்கு உதவும்" என்றார்.

அந்தக் குட்டிக் காந்தங்களை உளவு பார்க்க அவள் வைத்திருந்தது ஒரு வைரம். அரிசிக் குறுணி அளவுதான். பச்சை வெளிச்சம் பாய்ச்சினால் சிவப்பாக ஒளிரும். பக்கத்தில் காந்தமோ இரும்போ அசைந்தால் அந்த ஒளி மாறும். வைரம் என்ற சொல் ஒன்றே போதும். அவளுடைய சொந்தப் பெயர் அன்றோடு ஊருக்கு மறந்துபோயிற்று. பார்க்க வந்தவர்களில் ஒருவர், "உதுக்குள்ள ஊத்தையெல்லோ கிடக்கு" என்றார்.

"அந்த ஊத்தைதான் அண்ணை எனக்கு வேணும். சுத்தமான வைரத்தால ஒரு வேலையும் இல்லை."

சூசை அண்ணையின் மனைவி திரேசா அக்கா பெருமூச்சு விட்டா. "இவ்வளவு படிச்சுப்போட்டுப் பழுதான சாமானைத் தேடி வாங்கியிருக்கு, பாவம்."

அவள் படிக்கிற ஊரில் ட்ராம் வண்டி போகும்போதெல்லாம் வைரம் பதறுகிறதாம். வாகனம் குறைந்த இடம் தேடித்தான் நெடுந்தீவுக்கு வந்தாள். வந்தவள் எங்கள் வீட்டு வளவில் இரும்பை ஒழிக்கத் தொடங்கினாள். சைக்கிள்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கை முகப்போடு நின்றன. திரேசா அக்கா தேங்காய் துருவும் திருவலை தூரத்துப் பனையடிக்குப் போனது. அதன்பிறகு சம்பலில் தேங்காய்ப்பூவும் மணலும் சரிபாதி. நான் பெல்ட் இல்லாமல் லோங்ஸை ஒரு கையால் பிடித்துக்கொண்டே படலை வரை நடந்து பழகினேன். அவள் குறை சொல்லாத சீவன் எங்கள் தீவில் திரியும் காட்டுக் குதிரைகள்தான். அவற்றுக்கு லாடம் இல்லையே.

மத்தியானம் ஊர் சாப்பிட்டு உறங்கும் நேரம்தான் அவளுக்கு வேலை நேரம். சரியாக அந்த நேரத்தில் கணினித் திரையில் அளவு காட்டும் கோடு துள்ளியது. ஒவ்வொரு நாளும் துள்ளியது. அவள் கடற்படைப் படகைச் சந்தேகித்தாள். மின்சார நிலையத்தைச் சந்தேகித்தாள். என் கடைவாய்ப் பல் அடைப்பைச் சந்தேகித்து, வாயைத் திறக்கச் சொல்லி டோர்ச் அடித்துப் பார்த்தாள்.

ஒருநாள் சோறு அப்படியே கிடக்க, கதிரையில் குந்தியிருந்தாள். என்னவென்று சூசை அண்ணை கேட்டார்.

"இந்தப் பயணத்தில சுத்தமான அளவு வராட்டி இந்த அத்தியாயத்தை விட்டிடு எண்டு பேராசிரியர் சொல்லிப்போட்டார் அண்ணை. இது இல்லாட்டி மிச்சத்தை ஆரும் ஏற்கமாட்டினம்."

மறுநாள் கோடு துள்ளியதும் அவள் யன்னலால் எட்டிப் பார்த்தாள். வெளியே, அவளுடைய அறைச் சுவரோடு சாய்மனைக் கதிரையைப் போட்டு, சூசை அண்ணை படுத்திருந்தார். அவரை எழும்பச் சொன்னாள். கோடு படுத்தது. இருக்கச் சொன்னாள். துள்ளியது. கதிரையை மட்டும் வைத்துப் பார்த்தாள். கதிரை நிரபராதி.

"அண்ணை, உங்களிட்ட எங்கயோ இரும்பு இருக்கு."

"என்னட்ட இருக்கிறது இடுப்பில இந்தச் சாரம் மட்டும்தான் பிள்ளை. அதையும் கழட்டச் சொல்லுவீரோ?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. சூசை அண்ணையும் பிறகு சிரிக்கவில்லை. இடது துடையைத் தடவிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "இது கழட்ட ஏலாது. ஷெல் துண்டு. சண்டை நேரம் பட்டது."

குசினி வாசலில் அகப்பையோடு திரேசா அக்கா. "எடுத்துப்போட்டினம் எண்டெல்லோ எனக்குச் சொன்னனீங்கள்?"

"எடுத்தவை. ஒண்டை விட்டிட்டினம்."

"அவை விட்டவையோ, நீங்கள் பயந்து ஓடி வந்தனீங்களோ?"

சூசை அண்ணை கடலைப் பார்த்தார்.

"அப்ப வாதம் எண்டு சொல்லி, ஒவ்வொரு பின்னேரமும் என்னைக்கொண்டு எண்ணெய் தேய்ப்பிச்சது?"

"அதுவும் சுகமாத்தானே இருந்தது."

திரேசா அக்கா அகப்பையோடு படியில் இருந்துவிட்டா. அவ ஏசாமல் இருந்ததைக் கண்டு நாங்கள் மூன்று பேரும் பயந்துபோனோம். கொஞ்சக் காலமாக அந்தக் கால் வீங்குவதும், படகில் ஏற அவர் அதை இழுப்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆஸ்பத்திரி என்றதும் சூசை அண்ணை மறுத்துவிட்டார். இவ்வளவு காலம் இருந்தது, இனியும் இருக்கட்டும் என்றார்.

அப்போது வைரப்பிள்ளை சொன்னாள். "அண்ணை, அந்தத் துண்டு உங்களிட்ட இருக்கும்வரைக்கும் எனக்குப் பட்டம் கிடையாது."

"உண்மையாவோ?"

"ஓம்."

அவர் காலை இழுத்துக்கொண்டு எழும்பி, "விடியப் படகு எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

நான் அவளைத் தனியே கூப்பிட்டேன். "கதிரையை வேப்பமரத்தடிக்கு மாத்திவிட்டால் போதாதோ?"

"போதும்."

"பிறகேன்?"

"காலுக்காக எண்டால் இந்த மனுசன் போகுமோ அண்ணை?"

தானும் கூடவே யாழ்ப்பாணம் போனாள். அளக்க வேண்டிய நாட்களை ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் திரேசா அக்காவோடு இருந்து செலவழித்தாள். வெளியே எடுத்த துண்டு புளியங்கொட்டை அளவு. அதை வாங்கிப் பார்த்து, "என்ர அத்தியாயத்தைத் திண்டது நீயோ" என்று அதற்கு ஏசினாளாம்.

திரும்பி வந்தபோது அவளுக்கு மிஞ்சியிருந்தது சில நாட்கள்தான். சூசை அண்ணை காலில் கட்டோடு ஒழுங்கை முகப்பில் காவல் இருந்தார். "அங்கால நில்லுங்கோ, பிள்ளை அளக்குது" என்று ஊரையே திருப்பி அனுப்பினார். கோடு துள்ளவில்லை. நினைத்ததில் பாதி அளவுதான் எடுக்க முடிந்தது. பேராசிரியர் முணுமுணுத்துக்கொண்டு அதை ஏற்றுக்கொண்டார். பட்டம் கிடைத்த செய்தி வந்த அன்று சூசை அண்ணை இறங்குதுறை முழுக்க நடந்து, "நாங்கள் பாஸ்" என்று சொல்லித் திரிந்தார்.

அவள் இருந்த முன்னறை என்னுடையதைவிடப் பெரிது, காற்றும் வரும். அவள் போய்ச் சில மாதம் கழித்து, அதை எனக்குத் தரலாமோ என்று கேட்டேன். சுவர் ஈரம், ஆள் இருக்க ஏலாது என்றார் சூசை அண்ணை. நெடுந்தீவில் அப்போது மழை பெய்து மாதக்கணக்கு ஆகியிருந்தது. உள்ளே அவளுடைய கதிரை தூசி தட்டி வைத்திருந்தது. நான் திருப்பிக் கேட்கவில்லை.