ஈரத்துணிக்குள் ஒரு முகம்

"இந்த மூக்கு என் பொண்ணோடது இல்ல," என்றாள் அந்த அம்மாள். "மாப்பிள்ளை, நீங்களே சொல்லுங்க."

மாப்பிள்ளை பட்டறைக் கதவோரம் நின்றிருந்தான். மனைவி போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை.

"தெரியல அத்தை," என்றான்.

சிற்பி கையிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டார். போட்டோவில் இருந்த மூக்கைத்தான் அவர் களிமண்ணில் செய்திருந்தார். ஆனால் போட்டோவைக் காட்ட மாட்டார். அது அவர் தொழில் வழக்கம். உறவுக்காரர்கள் வந்தால் போட்டோவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவார். காட்டினால் காது மடலில் ஒரு மடிப்பு குறைகிறது என்று பஞ்சாயத்து ஆரம்பித்துவிடும். மனசில் இருக்கும் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்பது அவர் கொள்கை.

மாப்பிள்ளையும் அந்தப் போட்டோவைப் பார்த்ததில்லை. அலமாரியிலிருந்து புது ஃப்ரேமோடு எடுத்து, செய்தித்தாளில் சுற்றியபடியே கொண்டுவந்து கொடுத்திருந்தான்.

"மாட்டறதுக்குன்னு ஃப்ரேம் வாங்கினேன் சார். அதுக்கப்புறம் எதுவும் ஓடல. நான் போனதும் பிரிங்க. என்னால பாக்க முடியாது."

"படத்தையே பாக்க முடியலன்னா சிலைய எப்படிப்பா பாப்பீங்க?"

"கண்ண மூடினா அவ குரல் வருது. நடக்கற சத்தம் வருது. முகம் மட்டும் வர மாட்டேங்குது. நாளாக ஆக மோசமாகுது சார். முகம் மொத்தமா போறதுக்குள்ள முடிச்சுக் குடுங்க."

அந்த வார்த்தைக்காகத்தான் சிற்பி இந்த வேலையை எடுத்துக்கொண்டார்.

"சரிம்மா," என்றார் இப்போது. "உங்க பொண்ணு எப்படி இருப்பாங்க?"

"சிலை மாதிரி இருப்பா," என்றாள் அம்மாள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

கூட வந்திருந்த மகன் தலையாட்டினான். "ஆமா சார். அக்காவுக்குக் கோபம் வந்தா அவ்வளவுதான். பேச்சே கிடையாது. சிலைதான்."

"என்னைத்தான் அவ சிலைன்னு சொல்லுவா," என்றான் மாப்பிள்ளை. "என்ன சிலையாட்டம் நிக்கறீங்க, போய் பால் வாங்கிட்டு வாங்கன்னு."

"அன்னிக்கும் அப்படித்தானே உக்காந்திருந்தீங்க," என்றாள் மாமியார். "ஒரு சொட்டுத் தண்ணி வரல கண்ணுல."



அழகாக இருந்தால் சிலை, பேசாவிட்டால் சிலை, பால் வாங்கப் போகாவிட்டாலும் சிலை. எதை வைத்து மண்ணைப் பிசைவது என்று சிற்பிக்கு விளங்கவில்லை. மூக்கைக் கூராக்கினார்.

அடுத்த முறை வந்தபோது மகன் பார்த்துவிட்டு, "சார், இது எங்கம்மா," என்றான்.

தாடையை அகலமாக்கினார்.

"இப்ப நான் மீசை எடுத்த மாதிரி இருக்கு."

கன்னத்தில் மண்ணைச் சேர்த்து, கண்ணைக் கொஞ்சம் உள்ளே தள்ளினார். மாப்பிள்ளை கதவோரத்திலிருந்து ஒரு அடி பின்னால் போனான்.

"பயமா இருக்கு சார்," என்றான்.

சிற்பிக்கும் பயமாகத்தான் இருந்தது. அதை வெளியே சொன்னால் தொழில் என்னாவது? மண் காயாமல் இருக்க முகத்தின் மேல் ஈரத்துணி போர்த்தி வைப்பார். காலையில் துணியை எடுத்தால் முந்தின நாள் இறுக்கமாக மூடிவைத்த உதட்டில் லேசாக ஒரு சிரிப்பு இருக்கும். போட்டோவில் இருந்த அதே சிரிப்பு. ஈரமண் தளரும், அது சகஜம். ஆனால் தளர்ந்தால் உதடு கீழே இறங்க வேண்டும். இது மேலே ஏறியிருந்தது.

உதட்டைத் திரும்ப மூடினார். மறுநாளும் சிரித்தது. அதன்பிறகு அவர் அந்த முகத்துக்கு முதுகைக் காட்டி உட்காருவதில்லை.

"என்னங்க, டீயக்கூட ஒருக்களிச்சு உக்காந்து குடிக்கறீங்க?" என்றாள் அவர் மனைவி.

"கழுத்து பிடிச்சிருக்கு."

"அதுக்கா, உங்களுக்கா?"

கடைசியில் அவர் கையைத் தூக்கிவிட்டார். அம்மாள் சொன்னதையும் மகன் சொன்னதையும் வழித்தெடுத்து வாளியில் போட்டார். போட்டோவை எதிரே நிறுத்தி, அதில் இருந்ததை இருந்தபடி செய்தார். முதல் நாள் செய்த அதே மூக்கு, அதே தாடை. இந்தமுறை உதட்டில் கையே வைக்கவில்லை. அது ஏற்கெனவே தயாராக இருந்தது. யாரையும் கேட்காமல் அச்சு எடுத்து, பிளாஸ்டரில் வார்த்து, காயவைத்த பிறகுதான் கூப்பிட்டனுப்பினார். திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளலாம் என்று போட்டோவைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு நின்றார்.

அம்மாள் கிட்டே வந்தாள். கன்னத்தைத் தொட்டாள்.

"ஐயோ, சில்லுனு இருக்கியேடி," என்று சிலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அக்காவேதான்," என்றான் மகன். குரல் உடைந்திருந்தது. "கல்யாணத்தன்னிக்கு இப்படித்தான் சிரிச்சா."

"அந்த மூக்க முதல்லயே இப்படி வெச்சிருக்கலாம்ல?" என்றாள் அம்மாள்.

"வெச்சிருக்கலாம்மா," என்றார் சிற்பி.

மாப்பிள்ளை முதல் தடவையாகக் கதவோரத்தை விட்டு உள்ளே வந்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு கண்ணை மூடினான். மூடியபடியே நின்றான். மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் இறங்கியது.

"வருது சார்," என்றான். "இதே முகம். அச்சு அசலா வருது. இனிமே போகாது."

சிற்பிக்கு, இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு கூலி யாரும் கொடுத்ததில்லை என்று தோன்றியது.

வாசலில் வேன் வந்து நின்றது. அம்மாளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு மூவரும் முன்னால் போய் வேனில் ஏறிக்கொண்டார்கள். வேன்காரர் போர்வையோடு உள்ளே வந்தார். சிலைக்குப் போர்வையைச் சுற்றப்போனவர் கை அப்படியே நின்றது. முகத்தை இந்தப் பக்கமிருந்து பார்த்தார், அந்தப் பக்கமிருந்து பார்த்தார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல சார். எங்கயோ பாத்த முகம்."

"அந்த போட்டோவையும் எடுத்துக்கப்பா. அவங்களோடதுதான்."

வேன்காரர் ஃப்ரேமைத் திருப்பினார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, இந்தம்மா எங்க வீட்லயும் இருக்காங்க சார். ஃப்ரேம் வாங்கினப்ப கூடவே வந்தாங்க. உள்ள வைக்க வேண்டிய படத்த நாங்களும் இன்னும் வைக்கல."