சிறுமியர் சங்கத்தின் பெரியவர்கள்

பெண் பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி எங்கள் சபைக் கமிட்டி கவலைப்பட்ட அளவுக்கு இந்தப் பூமியில் வேறு எந்த அமைப்பும் கவலைப்பட்டதில்லை. அந்தக் கவலையில் பெண் பிள்ளைகள் யாரும் குறுக்கே வந்து தொந்தரவு கொடுக்காதபடியும் பார்த்துக்கொண்டோம். கமிட்டியில் ஒருவன் என்ற முறையில் இந்தப் பெருமையில் எனக்கும் பங்கு உண்டு.

விஷயம் இதுதான். பக்கத்துச் சபைச் சிறுமிகள் கழுத்தில் துணியும் தோளில் பையுமாக, சனிக்கிழமை தோறும் எங்கள் வீட்டு வாசல் வழியாகப் பாடிக்கொண்டு போனார்கள். முடிச்சுப் போடுவது, கூடாரம் அடிப்பது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, நடுநடுவே ஜெபம் என்று ஒரு கிறிஸ்தவச் சங்கமாம் அது. லீவில் மலை முகாம் வேறு. என் மகள் ஜன்னலில் நின்று அவர்களைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நம்ம சபையிலயும் ஆரம்பிக்கச் சொல்லுங்களேன். பதிமூணு வயசு ஆயிட்டா சேத்துக்க மாட்டாங்களாம். லீவு முடியறப்ப எனக்குப் பதிமூணு."

"இந்த ஞாயித்துக்கிழமையே பேசிடறேம்மா," என்றேன். பேசினேன். அன்றிலிருந்து அது கமிட்டியின் விஷயமாகிவிட்டது. அதாவது, அவளுடைய விஷயமாக இல்லாமல் போயிற்று.

விசாரித்ததில் சங்கங்கள் மூன்று இருப்பது தெரிந்தது. அணிவகுத்துச் சல்யூட் அடிப்பது ஒன்று. துணியில் வேத வசனம் பின்னுவது ஒன்று. மலைக்குப் போவது ஒன்று. வசதிக்காகக் கொடிச் சங்கம், ஊசிச் சங்கம், கூடாரச் சங்கம் என்று நாங்கள் பெயர் வைத்தோம். கூடாரச் சங்கத்தை நடத்துகிற நர்ஸ் அம்மாள் ஆஸ்பத்திரி வேலை முடிந்த கையோடு எங்கள் கூட்டத்துக்கு வந்தார்.

"நெருப்பு மூட்டக் கத்துக் கொடுப்பீங்களாமே?" என்றார் கமிட்டித் தலைவர்.

"ஆமாங்கய்யா."

"பொம்பளப் பிள்ளைங்களுக்கா?"

"உங்க வீட்ல அடுப்பு பத்த வைக்கறது யாருங்கய்யா?"

"அது வீட்டு நெருப்பு," என்று குறுக்கிட்டார் கமிட்டி உறுப்பினரான மருந்துக்கடைக்காரர். "அடக்கமா எரியும்."

இவ்வளவு நுட்பமான பதிலை எதிர்பாராத நர்ஸ் அம்மாள் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

எங்கள் தலைவர் தேர்வுத்துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பிறருக்கு மதிப்பெண் போட்டே தலை நரைத்தவர். அவருக்கு யாரும் எதுவும் போட்டதில்லை. சோதிக்காமல் எதையும் ஏற்கக்கூடாது என்பது அவர் கொள்கை. அதற்கு வேதத்திலிருந்து ஆதாரமும் காட்டினார். அதிகாரம் தவறு, வசனமும் தவறு. குரல் மட்டும் சரியாக இருந்தது. எனவே, சிறுமிகளை அனுப்புமுன் கமிட்டியே அந்தச் சங்கத்தில் 'சிறுமிகளாக' இருந்து பார்ப்பது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

"நீங்களா?" என்றார் நர்ஸ் அம்மாள்.

"ஆராய்ச்சிக்காக," என்றார் தலைவர்.

அடுத்த சனிக்கிழமை ஆலயத்தின் பின்பக்க மைதானத்தில் ஆராய்ச்சி தொடங்கியது. மருந்துக்கடைக்காரர் தலைவரை ஒரு மரத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டார். முடிச்சு அருமையாக விழுந்தது.

"அவுருய்யா," என்றார் தலைவர்.

"அவுக்கறது அடுத்த வாரப் பாடம்ணே."

நர்ஸ் அம்மாள் கட்டுத்துணி வெட்டுகிற கத்தரியால் தலைவரை மீட்டார். பிறகு நெருப்பு மூட்டினோம். தீப்பெட்டி காலியானதும் கடையிலிருந்து ஸ்பிரிட் வந்தது. ஸ்பிரிட் வந்ததும் நெருப்பு வந்தது. நெருப்பு அடங்கியபோது மருந்துக்கடைக்காரருக்கு ஒரு புருவம் மிச்சமிருந்தது.

அப்போதுதான் நர்ஸ் அம்மாள் அந்தப் பிழையைச் செய்தார். சிறுமிகளை உற்சாகப்படுத்திப் பழகிய கை. பையைத் திறந்து, தீச்சுடர் பின்னிய ஒரு துணி பேட்ஜை எடுத்துத் தலைவரின் சட்டையில் குத்திவிட்டார். தலைவர் குனிந்து தன் மார்பைப் பார்த்தார். அவர் கண்ணில் ஈரம். அவர் ஏறெடுக்கிற நீண்ட ஜெபங்களிலும் நான் கண்டிராத ஈரம் அது.

"ஒரே ஒரு பேட்ஜை வச்சு ஒரு சங்கத்தை எடை போடறது அநியாயம்," என்றார் தலைவர் அடுத்த கூட்டத்தில்.

நியாயத்துக்குத் தலைவணங்கினோம். முதலுதவி பேட்ஜ் வந்தது. கூடார பேட்ஜ் வந்தது. மற்றச் சங்கங்களை மட்டும் ஆராயாமல் விடுவது பாரபட்சம் என்பதால் கொடிச் சங்கத்தில் அணிவகுத்தோம். ஊசிச் சங்கத்தில் தலைவர் ஓர் ஆட்டுக்குட்டியைப் பின்னினார். ஆட்டுக்குட்டி என்று அவர் சொன்ன பிறகு அது ஆட்டுக்குட்டியாகத்தான் தெரிந்தது.

எனக்கும் தையல் பேட்ஜ் கிடைத்தது. அதை என் சட்டையில் தைக்கும்படி மனைவியிடம் கொடுத்தேன்.

"தையல் கத்துக்கிட்டதுக்குக் குடுத்த பேட்ஜ், அதை நான் தைக்கணுமா?" என்றாள். "நல்லாத்தான் இருக்கு உங்க படிப்பு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாள். "எப்பப்பா எங்களைச் சேத்துக்குவீங்க?"

"ஆராய்ச்சி நடக்குதும்மா."

"என் வயசும் நடக்குதுப்பா."

லீவு விட்டார்கள். நர்ஸ் அம்மாள் மறுபடியும் கூட்டத்துக்கு வந்தார். மலை முகாமுக்கு எங்கள் சபைச் சிறுமிகளுக்காக ஒரு வேன் ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார். "இப்பவே சேத்துட்டா வேன்ல ஏறிடலாம். பிள்ளைங்க ஆசையா இருக்குங்க."

நான் தொண்டையைச் செருமினேன். "சேத்துடலாமேண்ணே. இனிமே என்ன இருக்கு?"

தலைவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மலையை யாரு பாத்தது?"

யாரும் பார்த்திருக்கவில்லை.

"சறுக்குமே," என்றார் மருந்துக்கடைக்காரர். "பூச்சி பொட்டு இருக்குமே."

"நாளைக்கு உங்க மகள் ஏறப்போற மலை. தகப்பன் நீங்க முன்னாடி போய்ப் பாக்க வேண்டாமா?" என்றார் தலைவர்.

தகப்பன் என்று சொன்ன பிறகு நான் என்ன செய்வேன்? கை தூக்கினேன். மலை பேட்ஜ் பச்சைப் பட்டில் பின்னியது என்பதற்கும் என் வாக்குக்கும் யாதொரு தொடர்பும் கிடையாது.

"அது பிள்ளைங்களுக்காகப் பிடிச்ச வேனுங்கய்யா," என்றார் நர்ஸ் அம்மாள்.

"பிள்ளைங்களுக்காகத்தானே நாங்க கஷ்டப்பட்டுப் போறோம்," என்றார் தலைவர்.

புறப்பட்ட அன்று சிறுமிகள் ஆலய வாசலில் வரிசையாக நின்று எங்களுக்கு வழியனுப்புப் பாட்டுப் பாடினார்கள். என் மகள் வாயை மட்டும் அசைத்தாள். மலையில் நாங்கள் பட்ட கஷ்டம் கொஞ்சநஞ்சமல்ல: அருவியில் குளித்தோம், நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடினோம், நட்சத்திரங்களைப் பெயர் சொல்லி அழைத்தோம். தலைவரின் குறட்டை தவிர ஓர் ஆபத்தையும் காண முடியவில்லை. முகாம் முடியும் நாள் வரை பொறுப்போடு தேடினோம்.

திரும்பி வந்த பின் சபை கூடியபோது, தலைவர் மார்பு நிறைய பேட்ஜுகளோடு எழுந்து முடிவை அறிவித்தார். கூடாரச் சங்கமே சிறந்தது. மலை மிகப் பாதுகாப்பானது. சிறுமிகள் இனித் தாராளமாகச் சேரலாம். பலத்த கைதட்டல்.

என் மகள் நேரே நர்ஸ் அம்மாளிடம் போனாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்குப் போன வாரமே பதிமூணு ஆயிடுச்சேடா. மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்களே."

அவள் அழவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. தலைவருக்கும் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். அருகே வந்து அவள் தலையைத் தடவினார்.

"இதுக்குப் போய் மனசு விடலாமா? உனக்கு ஒரு மக பொறப்பா. அவ தாராளமாச் சேரலாம்."

"அவளுக்கு முன்னாடி நீங்க யாரும் போக மாட்டீங்களே, தாத்தா?"

தலைவர் யோசித்தார். அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிடுகிற மனிதரல்ல அவர்.

"அன்னைக்கு மலை எப்படி இருக்கோ, பாத்துத்தாம்மா சொல்லணும்."

மற்ற சபைகளில், பிறந்துவிட்ட பெண்களைத்தான் காத்திருக்கச் சொல்வார்கள். எங்கள் கமிட்டி, பிறக்காதவளையும் இப்போதே வரிசையில் நிறுத்திவிட்டது.