பாத்ரூம் கதவும் பன்னிரண்டாவது ஆல்பமும்

"அந்த உய்ய்ங் கேக்குதா உனக்கு?" என்றார் சவுண்டு சார்.

அறை வாசலில் நின்ற மனைவி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். "ரெண்டு கேக்குதுங்க. ஹ்ம்ம்ம்னு ஒண்ணு, உய்ய்ங்னு ஒண்ணு."

"ஹ்ம்ம்ம் நான் போட்டது. உய்ய்ங் எங்கேருந்தோ வருது."

"எனக்கென்னவோ உய்ய்ங் தேவலைன்னு தோணுது," என்று சொல்லிவிட்டு அவள் தையல் மெஷினுக்குத் திரும்பிப் போனாள்.

சவுண்டு சார் என்பது தெரு வைத்த பெயர். ஏதோ சத்தம் போடுகிற ஆள் என்று நினைத்துவிடக் கூடாது. கம்ப்யூட்டரில் இசை செய்கிறவர். அந்த இசையில் தாளம் கிடையாது, மெட்டு கிடையாது, வரிகளும் கிடையாது. ஒரே ஒரு சுரம் பனிமூட்டம் மாதிரி வந்து, பன்னிரண்டு நிமிடம் சும்மா நின்றுவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய்விடும். "பாட்டு எப்ப மாப்ள ஆரம்பிக்கும்?" என்று ஆசையாகக் கேட்ட மாமியாரிடம், "முடிஞ்சே போச்சு அத்தை" என்று சொல்ல வேண்டி வந்திருக்கிறது.

இருபது வருடத்தில் பதினோரு ஆல்பம். அதில் மாபெரும் வெற்றி 'முடிவிலி'. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று இணையத்தில் இலவசமாகவே விட்டிருந்தார். ஓசியில் கொடுத்தால் ஃபினாயிலைக்கூடக் குடிப்பார்கள் என்பார்கள். முடிவிலியைக் குடிக்க ஆள் வரவில்லை. ஆறு வருடத்தில் அது ஒலித்தது இருநூற்றுப் பன்னிரண்டு தடவை. அதில் நூற்றுத் தொண்ணூறு தடவை கேட்டது அவரே.

பன்னிரண்டாவது ஆல்பம் இன்று மாலை ஐந்து மணிக்குள் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் நாளை காலை ஒன்பது மணிக்கு மச்சானின் டைல்ஸ் கடையில், குடோன் மேற்பார்வை. மச்சானும் ஐந்து மணிக்குள் பதில் கேட்டிருந்தார். அந்த வேலைக்கு இன்னொருவர் கடையிலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

"வயசு நாப்பத்தாறு ஆச்சு. இதையும் விட்டா அப்புறம் அண்ணனே நெனச்சாலும் முடியாதுங்க," என்று காலையில் மனைவி சொன்னாள். சொன்னபோது கோபப்படவில்லை. கோபமெல்லாம் தீர்ந்து மூன்று வருடம் ஆகிவிட்டது, இப்போது குரலில் அலுப்பு மட்டும்தான். அவருக்கு வலித்ததும் அதுதான். வீடு அவளுடைய தையல் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது.

மணி மூன்றரை. சவுண்டு சார் முதலில் ஃபிரிட்ஜை நிறுத்தினார். உய்ய்ங் போகவில்லை. மின்விசிறியை நிறுத்தினார். வியர்த்ததுதான் மிச்சம்.

"கொஞ்சம் மெஷினை நிறுத்தறியா?"

"நாப்பது ஸ்கூல் யூனிஃபார்ம் ஆறு மணிக்குக் குடுக்கணும்!"

"ரெண்டே நிமிஷம்."

நிறுத்தினாள். உய்ய்ங் இப்போது இன்னும் தெளிவாகக் கேட்டது.

அப்படியானால் கோளாறு சுவரில் இருக்கும் பிளக்கில்தான் என்று முடிவு கட்டினார். தன் ஒலிக்கருவிப் பெட்டிகளை எல்லாம் கழற்றி, ஒரே நீள வயரில் கோத்து, சமையலறை பிளக்கில் செருகினார். உய்ய்ங் ஊஊங் ஆனது. எர்த் வயர்தான் குற்றவாளி என்று எங்கேயோ படித்தது ஞாபகம் வந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

டமால் என்று ஒரு சத்தம். இருபது வருட வாழ்க்கையில் அவர் உண்டாக்கிய முதல் தாளம் அதுதான். தெருக் கம்பத்தில் ஒரு பொறி பறந்தது. அக்கம்பக்கத்து நாலு வீடுகளுக்கும் சேர்த்து மின்சாரம் போனது. உய்ய்ங்கும் நின்றது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, லேப்டாப்பும் அணைந்துவிட்டது. அதன் பேட்டரி செத்து இரண்டு வருடம். காலையிலிருந்து செய்த வேலை எதையும் அவர் சேமித்து வைக்கவில்லை. உய்ய்ங்கோடு சேமிக்க அவருக்கு மனசு வரவில்லை.

"போச்சு," என்று தரையில் உட்கார்ந்தார். "எல்லாமே போச்சு."

மனைவி பாதி தைத்த சட்டையோடு வந்து நின்றாள். திட்டவில்லை. "மின்சார ஆபீசுக்குப் போன் போடுங்க," என்றாள். "கம்பத்துல போன ஃபியூஸை அவங்கதான் வந்து போடணும்."

போட்டார். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது' என்றது ஒரு குரல். பிறகு ஏதோ ஒன்று மெல்லக் கசிய ஆரம்பித்தது. நரைத்த தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு அரைக்காதில் கேட்டார். 'பரவாயில்லையே, நிதானம் தெரிஞ்ச ஆளா இருக்கான்' என்று நினைத்துக்கொண்டார். நாலாவது நிமிடத்தில் ஒரு நீண்ட முனகல் எழுந்தது.

சவுண்டு சார் எழுந்து நின்றுவிட்டார். "இங்க வா! சீக்கிரம் வா!"

ஸ்பீக்கரைப் போட்டார். மனைவி புருவத்தைச் சுருக்கிக் கேட்டாள். பிறகு அவள் கண் அகன்றது.

"ஏங்க... இது நம்ம பாத்ரூம் கதவு!"

பாத்ரூம் கதவேதான். அதன் கிறீச்சை நாற்பது மடங்கு இழுத்து நீட்டித்தான் முடிவிலியின் நாலாவது நிமிடத்தைச் செய்திருந்தார். இன்னொரு ஆல்பத்துக்குத் தேவைப்படலாம் என்று, ஆறு வருடமாகக் கதவுக்கு எண்ணெய் போட விடவில்லை. அவளும் தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஆறு வருடமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல கரண்ட் போற ஒவ்வொருத்தனும் இதைக் கேக்கறான்," என்றார். "ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் பேரு! நான்தான் தெரியாம..."

அந்த நேரம் பார்த்து இசை நின்றது. "வணக்கம், புகார்ப் பிரிவு. சொல்லுங்க சார்," என்றாள் ஒரு பெண்.

"மேடம், தயவுசெஞ்சு மறுபடி ஹோல்டுல போடுங்க."

"என்ன சார்?"

"என் மனைவி இன்னும் முழுசா கேக்கல. கடைசி மூணு நிமிஷம்தான் உயிரே."

"நீங்களாவே... ஹோல்டு கேக்கறீங்களா?" அந்தப் பெண்ணுக்கு நம்ப முடியவில்லை. "உங்க வீட்ல கரண்ட் இருக்கா சார்?"

"அது கெடக்கட்டும் மேடம். போடுங்க."

போட்டாள். முடிவிலி முதலிலிருந்து ஆரம்பித்தது. சூடேறிய அறையில் இருவரும் தரையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். கல்யாணமான பதினெட்டு வருடத்தில் அவள் அவருடைய இசையை உட்கார்ந்து கேட்பது இதுவே முதல் தடவை. கதவு முனகும் இடத்தில் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் உங்கள என்னென்னவோ சொல்லிட்டேங்க," என்றாள்.

"விடு."

கைக்குட்டைக்குப் பதில் யூனிஃபார்ம் துணியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எண்ணெய்க் குப்பியை எடுத்துப் பரண் மேல் தூக்கிப் போட்டாள். பிறகு தன் போனில் அண்ணனை அழைத்து, அவளே அவரிடம் நீட்டினாள். "சொல்லிடுங்க. நீங்க டைல்ஸ் எண்ண வேண்டிய ஆளு இல்ல."

"மாப்ள, என்ன முடிவு பண்ணீங்க?" என்றார் மச்சான்.

"நான் வரல மச்சான். எனக்குன்னு ஒரு பெரிய கூட்டம் இருக்கு. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"தங்கச்சி என்ன சொல்றா?"

"நான்தாண்ணா நம்பர் போட்டுக் குடுத்தேன்!" என்று அவள் கத்தினாள்.

மச்சான் பெருமூச்சு விட்டார். "அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. தம்பி, இந்தா, சாவியை வாங்கிக்க. நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துடு," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்வது கேட்டது. போன் துண்டிக்கப்பட்டது.

சவுண்டு சாருக்கு நெஞ்சில் இருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. ஐந்து மணியும் ஆயிற்று. ஆல்பம் போகவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

முடிவிலி சுவடு தெரியாமல் முடிந்தது. "சார், இன்னும் இருக்கீங்களா?" என்றாள் அந்தப் பெண், கொஞ்சம் பயந்த குரலில்.

"இருக்கோம் மேடம்! ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, என் மனைவி காதால கேக்கட்டும். இந்த மியூசிக் எப்படி, ஜனங்களுக்குப் புடிச்சிருக்கா?"

"ஐயோ, செம ஹிட்டு சார்! இதைப் போட்டதுல இருந்து புகார் பாதியா கொறஞ்சுடுச்சு."

சவுண்டு சார் மனைவியைப் பார்த்தார். மனைவி பெருமையாகத் தலையை ஆட்டினாள்.

"இதைக் கேட்டா கோபமெல்லாம் அப்படியே அடங்கிடும், இல்லையா மேடம்?"

"கோபப்பட எங்க சார் நேரம்? மூணு நிமிஷம் ஆகறதுக்குள்ள முக்காவாசிப் பேரு தாங்க முடியாம அவங்களே போனை வச்சிடறாங்க. அதுக்குன்னே எங்க மேனேஜர் ஒரு வாரம் அலைஞ்சு தேடிப் பிடிச்ச மியூசிக் சார் இது!"