கேரி தீவுப் பாலத்துப் பூதம்

"உடம்பு வலி ஏதும் இருக்கா, இக்னேஷியஸ்?"

காலையில் ஆபீசுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக முதலாளி பரமேஸ்வரன் இப்படிக் கேட்டார். கேட்டதோடு விடாமல் இக்னேஷியஸின் தோளை ஒருமுறை அமுக்கியும் பார்த்தார்.

"இல்ல பாஸ்."

"முதுகு? முட்டி? மண்டை?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு பாஸ்."

"நல்லது, நல்லது," என்று தனக்குள் சிரித்தபடி முதலாளி தன் அறைக்குள் போனார்.

இது புதுப் பழக்கம். துறைமுகத்தில் வந்து இறங்கும் கன்டெய்னர்களுக்குச் சுங்கத் தாள் தயார்பண்ணிக் கொடுக்கும் அந்தக் கிள்ளான் ஆபீசில் இக்னேஷியஸ் சேர்ந்து இருபது வருஷம் ஆகிறது. அதில் திட்டு வாங்காத நாள் என்றால் கிறிஸ்துமசும் தீபாவளியும்தான், அன்றைக்கு ஆபீசுக்கு லீவு. அப்படிப்பட்ட முதலாளி இரண்டு வாரமாக வாயைத் திறந்து ஒரு திட்டு திட்டவில்லை. உடம்பைப் பற்றி மட்டும் விசாரிக்கிறார். அவர் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இந்த விசாரிப்பைத்தான் இக்னேஷியஸால் தாங்க முடியவில்லை.

எப்படித் தாங்குவது? மாசக் கடைசியில் ஆபீஸ் பூச்சோங்குக்கு மாறுகிறது. புது இடம் சின்னது. இக்னேஷியஸ், கூட வேலை பார்க்கும் ஷாமினி, இந்த இருவரில் ஒருவருக்குத்தான் அங்கே நாற்காலி. ஷாமினிக்கு இருபத்தாறு வயது, எங்கே போனாலும் வேலை கிடைக்கும். ஐம்பதைத் தாண்டிய இக்னேஷியஸுக்கு வேறெங்கும் யாரும் "வாங்க, உட்காருங்க" என்று சொல்லப்போவதில்லை. யாருக்கு அந்த நாற்காலி என்பதை முதலாளி இன்னும் சொல்லவில்லை.

அறைக்குள் போன தலை மறுபடி வெளியே எட்டிப் பார்த்தது.

"ஏம்பா, கம்ப்யூட்டர் கேம்லாம் உனக்குத் தெரியுமில்ல?"

"கொஞ்சம், பாஸ்."

"மெல்பர்ன்ல இருக்கற நம்ம மவன் ஒண்ணு ஏத்திக் குடுத்துட்டுப் போனான். வீட்டுல தனியா இருக்கீங்க, மண்டைக்கு வேலை குடுங்கன்னான். கம்பெனிக்காரன் குடுத்த கதை சுத்த போர் லா. ஒரே பனி. எவனோ ராஜாவோட கிரீடம் காணாமப் போச்சாம், நான் போய்த் தேடணுமாம். எனக்கென்னா தலையெழுத்தா? அப்புறம் பாத்தா, வெளையாடுறவனுங்களே செஞ்சு போட்ட கதைங்க இருக்கு. அதுல ஒண்ணு, கேரி தீவுப் பூதம். கேள்விப்பட்டிருக்கியா?"

ஸ்டேப்ளர் இக்னேஷியஸின் கட்டைவிரலில் இறங்கியது.

"இ... இல்லியே பாஸ்."

"எவனோ நம்மூரு ஆளுதான் செஞ்சிருக்கான். பாலம் வரைக்கும் போயிட்டேன். இன்னும் தாண்டல."

கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு இக்னேஷியஸ் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கேரி தீவுப் பூதத்தைச் செய்தவர் வேறு யாருமில்லை, அவரேதான்.

அந்த விளையாட்டோடு ஒரு பட்டறையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். கம்பெனிக் கதை பிடிக்காதவர்கள் அதைக்கொண்டு தங்கள் கதையைத் தாங்களே கட்டிக்கொள்ளலாம். இக்னேஷியஸ் எட்டு வருஷமாகக் கட்டினார். பனிமலைக்குப் பதில் பாமாயில் தரும் செம்பனைக் காடு. கோட்டைக்குப் பதில் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள். தீவுக்குப் போகும் பாலத்தின் நடுவில் ஒரு பூதம். அந்தப் பூதத்துக்குத் தொப்பை, காலரில் செருகிய கைக்குட்டை, கையில் பார்லி தண்ணீர். கதாநாயகன் வந்தால் "தாள் எங்கே? மூணு காப்பி எங்கே?" என்று கேட்கும். ஒரு காப்பி குறைந்தாலும் "தெரிஞ்சவன் நானா நீயா?" என்று கத்திக்கொண்டு செம்பனை மட்டையால் வெளுத்துவிடும்.

தொப்பை, கைக்குட்டை, பார்லி, மூணு காப்பி, "தெரிஞ்சவன் நானா நீயா", எல்லாம் அச்சு அசல் பரமேஸ்வரன். பகலெல்லாம் வாங்கியதை இக்னேஷியஸ் சாயங்காலத்தில் அங்கே கொண்டுபோய் இறக்கி வைத்தார். உலகம் முழுக்கச் சேர்த்தும் அதை விளையாடியவர்கள் ஒரு பேருந்தை நிரப்பமாட்டார்கள். பிரேசிலில் இருந்து ஒருவன் மட்டும் "கம்பெனிக் கதையைவிட இது பிரமாதம், அந்தப் பூதம் ஒன்றே போதும்" என்று எழுதியிருந்தான். மனசு உடைந்த நாளிலெல்லாம் இக்னேஷியஸ் அதை எடுத்துப் படிப்பார். வாழ்க்கையில் அவர் செய்த ஒன்றை ஒருவர் பாராட்டியது அந்த ஒரு தடவைதான்.

கொமுட்டர் ரயிலில் வீடு திரும்பும்போது வழியெல்லாம் மழை. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் மனைவி உர்சுலா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"பேரையும் போட்டுத் தொலைச்சீங்களா?"

"பேர் போடல. மத்த எல்லாத்தையும் போட்டுட்டேன்."

"வில்லனுக்கு வேற ஆளே கிடைக்கலியா? எங்க அண்ணனைப் போட்டிருக்கலாம்ல. அவருக்குக் கம்ப்யூட்டரைத் தொறக்கவே தெரியாது."

"இன்னும் பாலத்தைத் தாண்டலைன்னு சொன்னாரு. அப்பன்னா பூதத்தை இன்னும் கிட்டப் பாக்கல."

"அப்போ பாக்கறதுக்குள்ள மாத்துங்க! வேலை போச்சுன்னா இந்த வீட்டுல என்னாத்தப் பொங்கறது, பூதத்தையா?"

அதுவும் சரிதான். இக்னேஷியஸ் பட்டறையைத் திறந்தார். இங்கே மாற்றினால் போதும், விளையாடுகிறவர்களின் கம்ப்யூட்டரில் தானாகவே மாறிவிடும். தொப்பையைக் கரைத்தார். கைக்குட்டையைப் பிடுங்கினார். பார்லியைக் கொட்டினார். வசனத்தை வெட்டிவிட்டு "யாரங்கே?" என்று மட்டும் வைத்தார். பாலத்தின்மேல் ஒரு நோஞ்சான் பூதம் நின்றது.

மறுநாள் முதலாளி உடம்பை விசாரிக்கவில்லை. முகம் கடுகடுவென்று இருந்தது.

"அந்தப் பூதத்துக்கு என்னாமோ ஆயிடுச்சுப்பா. காமாலை வந்த மாதிரி இருக்கு. மட்டையால அடிக்குதா தடவிக் குடுக்குதான்னே தெரியல."

"கஷ்டமா இல்லாம இருந்தா நல்லதுதானே பாஸ்? சுலபமாத் தாண்டிடலாம்."

"தாண்டறதுக்கா நான் வெளையாடுறேன்?" என்று முதலாளி சீறினார். பிறகு மேஜைமேல் இருந்த தாளைப் பார்த்தார். "என்னா இது, ரெண்டு காப்பிதான் இருக்கு? தெரிஞ்சவன் நானா நீயா?"

இரண்டு வாரத்துக்குப் பிறகு விழுந்த முதல் திட்டு. மாற்றுவதற்கு முன்பே பூதத்தைப் பார்த்துவிட்டார், சந்தேகம் தட்டிவிட்டது, அதனால்தான் வேண்டுமென்றே அந்த வசனத்தைச் சொல்கிறார் என்று இக்னேஷியஸ் முடிவு கட்டிக்கொண்டார்.

"அப்போ பூதத்தை நல்லவரா ஆக்கிடுங்க," என்றாள் உர்சுலா. "ஒருவேளை தன்னைத்தான் போட்டிருக்கான்னு தெரிஞ்சாலும் சந்தோஷப்படுவாரு. நான் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏத்தறேன்."

அன்று சாயங்காலம் பூதம் திருந்தியது. தொப்பை, கைக்குட்டை, பார்லி எல்லாம் மரியாதையோடு திரும்பி வந்தன. மட்டை மட்டும் போய்விட்டது. வருகிற கதாநாயகனைக் கட்டித் தழுவி, பார்லி கொடுத்து, "பத்திரமாப் போய்ட்டு வாப்பா" என்று தலையைத் தொட்டு வாழ்த்தியது. இக்னேஷியஸுக்கே பார்க்கக் குமட்டியது.

பிரேசில்காரன் அன்றைக்கே எழுதிவிட்டான். "என்ன செய்துவிட்டாய்? இது கம்பெனிக் கதை மாதிரி ஆகிவிட்டதே!" இதைவிடக் கேவலமான வசவு அந்த உலகத்தில் கிடையாது. இக்னேஷியஸ் அதைப் படித்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தார்.

மறுநாள் முதலாளி கோப்பைத் தூக்கி எறிந்தார்.

"கட்டிப் புடிக்குதுய்யா! பூதம் கட்டிப் புடிக்குது! இதைச் செஞ்சவன் என் கையில கிடைச்சான்னா..." என்று இக்னேஷியஸைப் பார்த்து நிறுத்தினார். மூச்சு வாங்கியது. "நீ ஏன் இங்க உக்காந்திருக்கே? யார்டுக்குப் போ. கன்டெய்னர் நம்பரெல்லாம் நேர்ல பாத்துட்டு வா."

"ஆன்லைன்லயே பாத்துடலாம் பாஸ்..."

"தெரிஞ்சவன் நானா நீயா?"

பட்டப்பகல் வெயிலில் துறைமுக யார்டில் கன்டெய்னர் கன்டெய்னராக நடந்தார் இக்னேஷியஸ். மூன்று நாள் அதே தண்டனை. சட்டை உப்புப் பூத்தது. நான்காம் நாள் முட்டி வீங்கிவிட்டது. இப்போது கேட்டிருந்தால் உடம்பு வலி இருக்கிறது என்று தாராளமாகச் சொல்லியிருப்பார். கேட்கத்தான் ஆளில்லை.

"அவருக்குத் தெரிஞ்சிடுச்சு உர்சுலா. பூதம் இருக்கற வரைக்கும் என்னை விடமாட்டாரு."

உர்சுலா அவருடைய முட்டியில் தைலம் தேய்த்துவிட்டாள்.

"எடுத்துடுங்க," என்றாள். "எட்டு வருஷம் அதோட குடும்பம் நடத்துனீங்க, எனக்குத் தெரியும். ஆனா வேலை முக்கியம்."

இக்னேஷியஸ் பட்டறையைத் திறந்தார். பூதத்தைக் கடைசியாக ஒருமுறை பழைய மாதிரியே நிறுத்தினார். மட்டையைக் கையில் கொடுத்து, "தெரிஞ்சவன் நானா நீயா" என்று ஒரு தடவை சொல்லவைத்துக் கேட்டார். பிறகு அழித்துவிட்டார். பாலம் வெறிச்சென்று போனது. மனசு கேட்காமல் பாலத்தோரம் ஒரு சின்னக் கல்லறை வைத்து, அதன்மேல் ஒரு கிளாஸ் பார்லியும் வைத்தார். அதை வைக்கும்போது சொந்த மனுஷன் செத்த மாதிரி அழுகை வந்தது. முட்டி வலி என்று உர்சுலாவிடம் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் முதலாளி தாமதமாக வந்தார். ஷேவ் பண்ணவில்லை. காலரில் கைக்குட்டை இல்லை. யார் முகத்தையும் பார்க்காமல் நடு ஆபீசில் நின்று சொன்னார்.

"பூச்சோங்குக்கு ஷாமினி வரட்டும். இக்னேஷியஸ், நீ மாசக் கடைசியோட நின்னுக்க."

"பாஸ்..."

"போதும்பா. எனக்கும் ஒண்ணும் புடிக்கல."

அவ்வளவுதான். இருபது வருஷம் ஒரு மூச்சில் முடிந்துபோனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு இக்னேஷியஸ் கிள்ளானில் இருக்கும் முதலாளி வீட்டுக்கே போனார். வேலையைத் திருப்பிக் கேட்கும் தைரியம் அவருக்கில்லை. செய்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்பாவது கேட்டுவிட வேண்டும் என்று போனார். கேட்டில் டிரைவர் அழகிரி காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்து அந்த வீட்டிலேயே தங்கி வேலை பார்ப்பவன். முதலாளிக்கு இப்போது வீட்டில் இருக்கும் ஒரே துணை அவன்தான்.

"அய்யா யாரையும் பாக்க மாட்டேங்குறாருண்ணே. நாலஞ்சு நாளா சோறே சரியா இறங்கல. கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து அந்தக் காலிப் பாலத்தையே பாத்துக்கிட்டிருக்காரு."

இக்னேஷியஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, அந்தப் பூதத்தைச் செஞ்சது நான்தான். பாஸை மாதிரியே செஞ்சுட்டேன். அவரு மனசு நொந்துடக்கூடாதுன்னுதான் மாத்தி மாத்திப் பாத்து, கடைசியில எடுத்துட்டேன்."

அழகிரி துடைப்பதை நிறுத்தினான்.

"நீங்க செஞ்சதுன்னு அவருக்கு மொத நாளே தெரியுமேண்ணே! 'அடேய், இது நம்ம இக்னேஷியஸ் வேலைடா'ன்னு என்னைக் கூப்பிட்டுல்ல காட்டினாரு. நானும் தினம் பக்கத்துல உக்காந்து பாப்பேன்."

"மொத நாளே தெரியுமா? அப்புறம் ஏன் அவரு அந்தப் பாலத்தைத் தாண்டவே இல்ல?"

"தாண்டுனா எப்படிண்ணே? கதாநாயகனுக்கு உங்க பேரைத்தானே வச்சிருந்தாரு! தினம் சாயந்திரம் உங்களைக் கொண்டுபோய் அந்தப் பூதத்து முன்னாடி நிறுத்தி, நல்லா நாலு மட்டையடி வாங்க வச்சு, வயிறு குலுங்கச் சிரிச்சுட்டு, 'பாவம்டா, இதுக்கு மேல நாளைக்கு ஆபீஸ்ல வேற அவனைத் திட்டக்கூடாது'ன்னு சொல்லிட்டுத்தான் சோத்துல கையையே வைப்பாரு."